மடமை எனப்பட்ட வடிகட்டி

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், ஐரிஷ் கடலோரமாக, செல்லபீல்ட் என்னும் பெரும் அணுத் தொழிற்களம் பரந்து கிடக்கின்றது. ஏரிகளைப் பார்க்க அப்பக்கம் விடுமுறையிற் சென்ற நம் வாசகர் சிலர் அதனைத் தொலைவிலிருந்து கண்டிருக்கலாம். முன்னர் அதன் பெயர் வின்ட்ஸ்கேல். 1981இல் பெயர் மாறியது. பழைய பெயருக்கு உரிய வரலாறு மாறவில்லை.

போர் முடிந்ததும் அமெரிக்கா 1946இல் சட்டமியற்றித் தன் அணு இரகசியங்களைப் பூட்டிக் கொண்டது. தனக்கென ஒரு குண்டு வேண்டும் எனப் பிரித்தானியா 1947இல் முடிவெடுத்தது. அதற்கான புளுட்டோனியத்தை ஆக்கவே வின்ட்ஸ்கேலில் இரண்டு உலைகள் அவசர அவசரமாக எழுப்பப்பட்டன. கிராபைற் கட்டிகளாலான அவ்வுலைகளைக் குளிர்விக்க நீர் பயன்படவில்லை. இராட்சத விசிறிகள் காற்றை உள்ளே ஊத, அக்காற்று சுமார் 400 அடி உயரப் புகைபோக்கி வழியே நேராக வானுக்குச் சென்றது.

எரிபொருள் உறை ஒன்று வெடித்தால் நச்சுத் துகள்களும் அதே வழியிற் போகுமே என்று அஞ்சியவர் விஞ்ஞானி சேர் ஜோன் கொக்ரொவ்ற். வடிகட்டி பொருத்தியே ஆகவேண்டும் என அவர் பிடிவாதமாக நின்றார். அப்போதோ கட்டட வேலை தொடங்கிவிட்டது, அடியில் இடமில்லை. ஆதலால் உருக்கும் கொங்கிறீற்றும் உச்சிக்கு ஏற்றப்பட்டு, வடிகட்டி அறைகள் அங்கேயே அமைக்கப்பட்டன. செலவையும் தாமதத்தையும் கண்டு சலித்தோர் அவற்றைக் 'கொக்ரொவ்ற்றின் மடமைகள்' என்று எள்ளினர்.

1957 ஒக்டோபரில் அந்த எள்ளல் ஓய்ந்தது. நியூத்திரன்கள் தாக்குவதால் கிராபைற்றினுள் ஒருவகை ஆற்றல் தேங்கும். அதனை வெளியேற்ற இடையிடையே உலையைச் சூடாக்குவர். அவ்வாறு செய்தபோது முதலாம் உலையின் உள்ளே தீ மூண்டது. 10ஆம் திகதி அது கண்டறியப்பட்டது. துணை முகாமையாளர் ரொம் ரூயி உலையின் கூரைமீது பலமுறை ஏறி, உள்ளே எரிவதைத் தம் கண்களாற் பார்த்தார். நீர் பாய்ச்சினால் வெடிக்கலாம். பாய்ச்சாவிட்டால் எரிந்துகொண்டே இருக்கும். மறுநாட் காலை நீர் பாய்ச்சப்பட்டது, காற்றும் அடைக்கப்பட்டது. அதன் பின்னரே தீ அடங்கியது.

துகள்களின் பெரும்பகுதியை அந்த 'மடமைகள்' பிடித்து வைத்தன. ஆயினும் கதிரியக்க அயடீன் தப்பிச் சென்று புல்லிற் படிந்தது. பசு வழியே பாலிற் கலந்தது. சுமார் 500 சதுர கிலோமீற்றர் பரப்பிற் கறந்த பால் வாரக்கணக்கிற் கொட்டப்பட்டது. குழந்தைகளுக்குப் பால் ஊட்டும் தாய்மாருக்கு அப்போது சொல்லப்பட்டது மிகச் சிறிதே. விசாரணை நடத்திய சேர் வில்லியம் பென்னியின் முழு அறிக்கையைப் பிரதமர் மக்மில்லன் வெளியிடவில்லை. அமெரிக்காவுடன் மீண்டும் அணு உறவு கொள்ள முயன்ற வேளை அது. தன் குறை தெரிந்தால் அது கெடும் என அரசு அஞ்சியது. 1988 ஜனவரியிலேயே அவ்வறிக்கை மக்கள் கைக்கு வந்தது. தீயை விட இந்த முப்பது ஆண்டு மௌனமே நம்மை அதிகம் உறுத்துகின்றது.

இதற்கு ஓராண்டு முன்னர், 1956 ஒக்டோபர் 17ஆம் திகதி, அதே களத்திற் கோல்டர் ஹோல் மின்நிலையத்தை எலிசபெத் மகாராணியார் திறந்துவைத்தார். அமைதிக்கான அணு என விழா எடுத்தனர். உண்மையில் அவ்வுலைகளின் முதன்மைப் பணி குண்டுக்குப் புளுட்டோனியம் ஆக்குவதே. வீடுகளுக்குச் சென்ற மின்சாரம் துணை விளைபொருள். 2003இல் அந்நிலையம் மூடப்பட்டது.

எரிந்த உலையினுள் சுமார் 15 தொன் எரிபொருள் இன்னும் கிடக்கின்றது. அருகில் வேறு அணுக் கட்டடங்கள் உள்ளமையால் புகைபோக்கியை வெடிவைத்துத் தகர்க்க முடியாது. உச்சியிலிருந்த வடிகட்டி அறைகளையும் துண்டு துண்டாக அறுத்தே இறக்கினர். களம் முழுவதையும் துப்புரவாக்கும் பணி அடுத்த நூற்றாண்டு வரை நீளும் எனத் திட்டமிட்டுள்ளனர். அச்செலவு அரச பணத்திலிருந்தே போகின்றது. இந்நாட்டில் உழைத்து வரி கட்டும் நம் குடும்பங்களின் பங்கும் அதில் உண்டு.