நிலைக்கு வராத தேர்

"பதினெட்டு வருஷமா நைட் ஷிஃப்ட். இன்னும் பகல்ல நாலு மணி நேரத்துக்கு மேல தூக்கம் பிடிக்கல. உடம்பு எப்பதான் சார் பழகும்?" என்று கேட்டிருக்கிறார், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வாசகர் ஒருவர்.

அநேகமாகப் பழகாது. நிரந்தரமாக இரவு வேலை பார்ப்பவர்களின் உடலில் மெலடோனின் என்ற இரவு ஹார்மோனின் சுரப்பை அளந்த ஆய்வுகளை சைமன் ஃபோல்கார்ட் 2008இல் தொகுத்துப் பார்த்தார். உடல் கடிகாரம் முழுவதுமாக இரவுக்கு மாறிவிட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஆகவே, "மனசு வச்சா எல்லாம் பழகிடும்" என்று சொல்லும் மச்சான்களை வாசகர் பொருட்படுத்த வேண்டாம்.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட முடிச்சு ஒன்று உண்டு. தலைமைக் கடிகாரம் அதுதான். அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். அந்தப் பிசகை வெளிச்சம் தினமும் திருத்துகிறது. எப்படித் திருத்துகிறது என்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம். அதே வெளிச்சம் ஒரு நேரத்தில் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும், இன்னொரு நேரத்தில் முடுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு, உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம். பகலில் விழித்து இரவில் தூங்குபவருக்கு அது விடியற்காலை நாலு, ஐந்து மணி வாக்கில் வரும்.

சித்திரையில் சிவன் கோயில் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சக்கரத்துக்கு முன்னால் போட்டால் மரம் சறுக்குக்கட்டை, தேர் நிதானிக்கும். பின்னால் கொடுத்து நெம்பினால் அதே மரம் தடி, தேர் எகிறும். எல்லைக்கோட்டுக்கு முன் கண்ணில் விழும் வெளிச்சம் சறுக்குக்கட்டை, பின் விழுவது தடி. நம் கிரேன்காரருக்கு வேண்டியது தாமதம். தேர் மெதுவாக நகர்ந்து காலை பத்து மணிக்கு நிலைக்கு வந்தால், அதாவது எல்லைக்கோடு அந்த நேரத்துக்குத் தள்ளிப்போனால், பகலெல்லாம் நிம்மதியாகத் தூங்கலாம். இரவு முழுக்க ஹைமாஸ்ட் விளக்குகள் அவருக்காகக் கட்டை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. தேரும் கொஞ்சம் நிதானிக்கிறது.

ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது. பைக்கை எடுத்துக்கொண்டு ஊரை நோக்கி மேற்கே வருகிறார். கடலிலிருந்து சூரியன் எழுந்துவிட்டது. வெயில் முதுகில்தானே விழுகிறது என்று நினைக்க வேண்டாம். வானம் முழுக்க வெளிச்சம்; போதாக்குறைக்கு உப்பளங்களில் வெள்ளை வெளேரென்று குவித்துவைத்த உப்பு. விளக்குக் கம்பத்தடியில் வெளிச்சம் சில பத்து லக்ஸ் இருந்தால் அதிகம், திறந்தவெளிக் காலையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். எட்டு மணி நேரம் போட்ட கட்டையை அரை மணி நேரத் தடி தள்ளிவிடுகிறது. பதினெட்டு வருஷமாக இதுதான் நடக்கிறது.

தேர் உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். வடம் பிடிப்பவர்கள் கல்லீரலும் குடலும். அவர்களுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு, ஆனால் அவர்கள் நேரம் பார்ப்பது சாப்பாட்டு வேளையை வைத்து. இரவு இரண்டு மணிக்குப் பரோட்டா சால்னா உள்ளே போனால் அவர்களுக்கு அதுதான் மதியம். வடம் ஒரு வீதியில், தேர் வேறொரு வீதியில். நைட் ஷிஃப்ட்காரர்களின் சர்க்கரை, நெஞ்செரிச்சல் தொல்லைகளுக்கு இந்த இழுபறியும் ஒரு காரணம் என்கிறார்கள்.

மாறவே முடியாதா என்றால், முடியும். வட கடல் எண்ணெய் மேடைகளில் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை இரண்டு வாரம் தொடர்ந்து வேலை பார்ப்பவர்களை ஜோசபின் அரெண்ட் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஒரு வாரத்துக்குள் பலருடைய கடிகாரம் இரவுக்கு மாறிவிட்டது. வேலையும் படுக்கையும் ஒரே மேடையில். விடியலில் வீடு திரும்பும் பயணம் கிடையாது. தடி போட ஆளில்லை.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1729இல் தெ மேரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்ததையும், உடல் கடிகார ஆய்வுக்குக் கிடைத்த 2017 நோபல் பரிசையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நம்மூர் எம்.கே. சந்திரசேகரனைத்தான் எழுத மாட்டார்கள். மணலில் புதையும் சிறு நண்டுகள் கடலைவிட்டு வந்த பிறகும் ஓதத்தின் தாளத்தை விடுவதில்லை என்று 1965இல் எழுதியவர். ஜெர்மனியில் பழ ஈக்கள் மீது ஒளி பாய்ச்சி இதே கட்டை–தடிக் கணக்கைப் போட்டவர். பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், வெளிச்சமே எட்டாத குகையில் கூண்டு வௌவால்கள், சுதந்திரமாகப் போய்வரும் வௌவால்களின் நடமாட்டத்தை வைத்தே நேரம் அறிவதை 1981இல் தம் மாணவர்களோடு காட்டினார். தூத்துக்குடியின் இரவு வேலை வரலாறு என்றால், நடுராத்திரி நிலக்காற்றில் பாய் விரித்து முத்துப் பாருக்குப் போன தோணிகளைச் சொல்லலாம். ஆனால் அது வருஷத்தில் சில வாரத்து வேலை, முத்துக் குளிப்பதும் பகலில்தான். 1961க்குப் பிறகு அதுவும் இல்லை.

விற்பனைக்கு வருவோம். நீல ஒளி தடுக்கும் கண்ணாடி, மெலடோனின் மிட்டாய், தூக்கத்தை "அளக்கும்" கைக்கடிகாரம் என்று கடை விரித்திருக்கிறார்கள். காலை வெயிலுக்கு முன்னால் இவை பெரிய ஆட்கள் இல்லை. அதேபோல, "நைட் ஷிஃப்ட் என்றால் புற்றுநோய்" என்று வாட்ஸ்அப்பில் அலறுவதையும் நிதானமாகப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் 2019இலும் சொன்னது "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்று. ஆட்டுக்கறியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

வாசகர் செய்யக்கூடியது: இரவில் வேலை செய்யும் இடம் நல்ல வெளிச்சமாக இருக்கட்டும். காலையில் விளிம்பு வைத்த தொப்பி. படுக்கையறை ஜன்னலில் கெட்டியான கறுப்புத் துணி. லேஸ் திரை உதவாது. கறுப்புக் கண்ணாடியும் பலன் தருவதாகச் சோதனைகள் சொல்கின்றன. ஆனால் தூக்கக் கலக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு, கண்டெய்னர் லாரிகள் ஓடும் துறைமுகச் சாலையில் பைக் ஓட்டாதீர்கள். கண்ணாடி போடுகிற நாளில் பஸ்ஸில் வாருங்கள்.