செங்கல்லும் மூச்சு விடும்

புனே கேம்பில் ஆட்டோக்காரரிடம் 'ஓஹெல் டேவிட்' எங்கே என்று கேட்டால் விழிக்கக்கூடும். 'லால் தேவல்' என்றால் மொலெதினா சாலையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். சிவப்புக் கோயில் என்று அர்த்தம். கூர்முனை ஜன்னல்கள், 90 அடி உயரக் கடிகாரக் கோபுரம் - பார்வைக்கு மாதா கோயில். உண்மையில் அது யூதர்களின் ஜெப ஆலயம்.

பாக்தாதிலிருந்து மும்பைக்கு வந்து பெரும் வணிகரான டேவிட் சசூன் 1863-ல் இதைக் கட்டத் தொடங்கினார். மறு ஆண்டே புனேயில் காலமானார். 1867-ல் பணி முடிந்தது. அவருடைய கல்லறையும் இதே வளாகத்தில்தான் இருக்கிறது. வடிவமைத்தவர் ராணுவப் பொறியாளர் ஹென்றி செயின்ட் கிளேர் வில்கின்ஸ். சுவரில் தக்காணத்துக் கருங்கல்லும் உண்டு. ஆனால் ஊர் பெயர் வைத்தது செங்கல்லைப் பார்த்துத்தான்.

அந்தக் காலச் செங்கல் சுவர்களின் ஆயுள் ரகசியம் செங்கல்லில் மட்டும் இல்லை. கற்களைப் பிணைக்கும் சுண்ணாம்புச் சாந்தில் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு, மணல், சில இடங்களில் செங்கல் தூளான சுர்க்கி. தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்தார்கள். இந்தச் சாந்து இறுக நாளாகும். ஆனால் செங்கல்லைவிட மென்மையானது. மழையில் சுவர் குடிக்கும் நீர், வெயில் வந்ததும் சாந்தின் வழியே ஆவியாகிவிடும்.

வினை வருவது பழுதுபார்க்கும்போது. சாந்து உதிர்ந்த இடுக்குகளில் சிமென்ட்டை அடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் நீர் வெளியேறும் பாதை அடைபட்டுப் போகும். ஈரம் செங்கல் வழியாகவே வெளியேற முயலும். கூடவே வரும் உப்பு, கல்லின் மேல்தோலுக்குள் படிகமாகிப் பூக்கும். சில மழைக்காலங்களில் செங்கல் முகம் பொரிந்து உதிர, சிமென்ட் கோடுகள் மட்டும் அசையாமல் துருத்திக்கொண்டிருக்கும். பலி கொடுக்க வேண்டியது சாந்தை, பலியாவதோ செங்கல். சாந்தை மாற்றிவிடலாம். 150 வருடத்துச் செங்கல்லுக்கு எங்கே போவது?

கேம்புக்கு மட்டுமான கவலை அல்ல இது. 1892-ல் எழுந்த சென்னை உயர் நீதிமன்றத்தின் செந்நிறச் சுவர்களுக்கும், ஊர் ஊராக நிற்கும் பழைய தேவாலயங்களுக்கும் இதே விதிதான். பழுதுபார்ப்பு ஒப்பந்தத்தில் 'சுண்ணாம்பு' என்ற ஒரு சொல்லை எழுதுவதும், அதைக் குழைக்கத் தெரிந்த கொத்தனாருக்குக் கூடுதலாகச் சில வாரங்கள் கொடுப்பதும் பெரிய செலவல்ல. அதைச் செய்யாவிட்டால், சிவப்புக் கோயிலில் சிவப்பு பெயரில் மட்டுமே மிஞ்சும்.