வீட்டை விற்கவும் பருவம் உண்டு

மாசி, பங்குனியில் புதுப் புளி வரத்து ஆகும் என்பது நமக்குத் தெரியும். வெல்லம் எந்த மாதத்தில் ஏறும், மிளகாய் வற்றல் எந்த மாதத்தில் இறங்கும் என்பதும் நமக்கு மனப்பாடம். மூட்டைக்கு இருபது ரூபாய் வித்தியாசம் என்றால் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறோம். அப்படிப்பட்ட நாம், வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ விற்கக்கூடிய வீட்டை மட்டும் நெருக்கடி வந்த மாதத்தில், வந்தவர் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

நமக்கு நன்கு தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவருக்குத் தீபாவளிச் சரக்குக்கான பாக்கி நின்றுவிட்டது. மார்கழி பிறந்த பிறகு வீட்டை விலை பேசினார். பார்க்க வந்தவர்கள் இரண்டே பேர். இருவருமே, "வீடு பிடித்திருக்கிறது, தை பிறக்கட்டும், அட்வான்ஸ் தருகிறோம்" என்றார்கள். பாக்கிக்காரர்கள் பொறுக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர். அவர் சொன்ன விலைக்கே எழுதிக் கொடுத்தார். தை மாதத்தில் அதே தெருவில், அதைவிடச் சிறிய வீடு கூடுதல் விலைக்குக் கைமாறியது. "மூன்று வாரம் பொறுக்க முடியாமல் போன பணத்தை இனி எத்தனை வருடம் கடையில் நின்று சேர்ப்பேன்?" என்று அவர் நம்மிடம் வருந்தினார். இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

வாங்குவோர் வரும் மாதங்கள்

ஆனியில் மாபலி நாட்டை இழந்தான், ஆடியில் இராவணன் கோட்டையை இழந்தான், புரட்டாசியில் இரணியன் மாண்டான், மார்கழியில் பாரதப் போர், மாசியில் சிவன் நஞ்சுண்டார், பங்குனியில் மன்மதன் எரிந்தான் என்று சொல்லி, இந்த ஆறு மாதங்களிலும் புதுமனை புகுவதை நம் பெரியவர்கள் தவிர்த்தார்கள். எஞ்சியவை சித்திரை, வைகாசி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, தை. இதில் நமக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது வேறு விஷயம். வாங்குகிறவருக்கு இருக்கிறது, சந்தை அவர் பக்கம்தான் நகரும். முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நெரிவதும், அதற்காகப் பதிவுத்துறை கூடுதல் டோக்கன்கள் ஒதுக்குவதும் இதற்குச் சாட்சி.

இதோடு பள்ளிக்கூடக் கணக்கும் சேருகிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது. பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்க்க வேண்டிய குடும்பம் மே மாதத்துக்குள் குடிபுக விரும்பும். ஆகவே தையில் விலை பேச ஆரம்பித்து, மாசியில் ஒப்பந்தம் போட்டு, சித்திரை அல்லது வைகாசியில் கிரயப் பத்திரம் முடிப்பதுதான் தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும் வழி. அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு ஆவணி.

மழையும் வெயிலும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஓதம் ஏறிய சுவர், ஒழுகும் தளம், தெருவில் தேங்கும் தண்ணீர் எல்லாம் அப்போது வெளிப்படும். 2015, 2023 ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வீடு பார்க்கிறவர்கள், "இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உங்கள் வீடு மேட்டில் இருந்தால் மழைக்காலத்திலேயே தைரியமாகக் காட்டுங்கள். கிணறு வற்றாத வீடு என்றால் சித்திரை, வைகாசி வெயிலில் காட்டுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை தவித்ததை யாரும் மறக்கவில்லை. குறை உள்ள வீடானால், மழை முடிந்ததும் பழுது பார்த்து, பார்த்த வேலையைச் சொல்லியே விற்பது நல்லது. சுண்ணாம்பு அடித்து மறைத்தது அடுத்த மழையில் பெயரைக் கெடுக்கும். கடை நடத்துகிறவருக்குப் பெயர்தான் முதல்.

வரிக் கணக்கு

மார்ச் கடைசியில் பத்திரம் முடித்தால் முன்வரியை மார்ச் 31க்குள் கட்ட வேண்டும். அதே பத்திரம் ஏப்ரலில் முடிந்தால் லாபம் அடுத்த நிதியாண்டுக் கணக்கில் சேர்ந்து, அவகாசம் கிடைக்கும். அதற்காகச் சாவியை முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தின் பேரில் சுவாதீனம் கொடுத்தாலே விற்றதாகக் கொள்ள இடமுண்டு.

வாங்கி 24 மாதம் கடந்திருந்தால் அது நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23க்கு முன் தனிநபர் வாங்கிய வீடானால், பணவீக்கச் சரிக்கட்டல் இன்றி 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம் என இரு வழியிலும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். இதில் உங்கள் ஆடிட்டரை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொன்றும் உண்டு. அரசின் வழிகாட்டி மதிப்பு நீங்கள் விற்ற விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக வைத்து வரி போடுவார்கள். நெருக்கடியில் மலிவாக விற்றவர், கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டும் நிலை வரும்.

பத்திரம் எங்கே இருக்கிறது?

நம்மில் பலருடைய வீட்டுப் பத்திரம் ஓவர்டிராப்டுக்காக வங்கியில் இருக்கிறது. கடனை அடைத்து, பத்திரத்தைத் திரும்பப் பெற்று, அடமானத்துக்கான ரசீதைப் பதிவு செய்ய வாரக்கணக்கில் ஆகும். பட்டா இன்னும் தந்தையார் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம் என்று மாதக்கணக்கில் போகும். தையில் விற்க நினைப்பவர் தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துவிட வேண்டும். கோப்பு தயாராக உள்ள வீட்டுக்குத்தான் வாங்குபவரின் வங்கிக் கடனும் விரைவில் கிடைக்கும்.

காத்திருக்க முடியாவிட்டால்

ஐந்து லட்சம் பாக்கி நெருக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் மூன்று மாதம் கடன் வாங்கினால் வட்டி 15,000 ரூபாய். அவசரத்தில் வீட்டு விலையில் விட்டுக்கொடுப்பதோ லட்சக்கணக்கில். எது லாபம் என்பதை நமக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் திருப்பிக் கட்டும் வழி தெளிவாக இருந்தால் மட்டுமே இது பொருந்தும். நாளுக்கு நாள் கடன் ஏறும் நிலையில் இருப்பவர் நல்ல மாதத்துக்காகக் காத்திருப்பது வீண். உள்ள விலைக்கு விற்றுக் கடையைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

மொத்த வியாபாரிகளான நம் அங்கத்தினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாணயமாகக் கொடுத்து வாங்கிய ஒருவர் மார்கழியில் வந்து, "வீட்டை விற்றுத் தருகிறேன், தை வரை பொறுங்கள்" என்றால், தயவுசெய்து அந்த ஒரு மாதத்தைக் கொடுங்கள். உங்கள் பாக்கியும் முழுதாக வரும். ஒரு வாடிக்கையாளரின் கடையும் நிலைக்கும்.