ஆர்மீனியா: வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு

ஆர்மீனியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள்: "எத்தனை மடாலயம்தான் பார்ப்பது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே!" அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலைச்சரிவில் ஒரு கல் கட்டடம், கூம்பு வடிவக் கூரை, உள்ளே அரையிருட்டு. பெரும்பாலான சுவர்களில் ஓவியமும் இல்லை, பொன்வேலையும் இல்லை. வழிகாட்டி ஓர் அரசர் பெயரையும் ஒரு நூற்றாண்டையும் சொல்லிவிட்டு, வேன் காத்திருக்கிறது என்கிறார்.

இந்தப் பயணப் பாதையே கதை தெரிந்தவர்களுக்காகப் போடப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆர்மீனியாவில் வசிப்பவர்கள் சுமார் 30 லட்சம் பேர். அதைவிட அதிகமான ஆர்மீனியர்கள் ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ், லெபனான் என்று வெளியே பரவிக் கிடக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பூர்வீக மண்ணைப் பார்க்க வந்தால் எங்கெல்லாம் போய் நிற்க ஆசைப்படுவார்களோ, அந்த இடங்களைக் கோத்ததுதான் இந்தப் பாதை. பாட்டி வாயால் கேட்ட ஊரில் நிற்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. நமக்குத் தேவை. அந்த முன்கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடைமுறை. நாட்டின் பரப்பு 29,743 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் கால்வாசிகூட இல்லை. தலைநகர் யெரெவானிலேயே தங்கிக்கொண்டு, காலையில் கிளம்பி இரவு திரும்பும் பயணங்களாகப் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். குழு வேனில் போகலாம், அல்லது காரும் வழிகாட்டியும் தனியாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். குழுவில் சேர்வதானால் பணம் கட்டும் முன்பே இரண்டு கேள்விகள் கேளுங்கள். வழிகாட்டி ஆங்கிலத்தில் மட்டும் பேசுவாரா, ரஷ்ய மொழியிலும் மாற்றி மாற்றிப் பேசுவாரா? இரண்டு மொழி என்றால் உங்களுக்குக் கிடைப்பது பாதி விளக்கம். ஒரு நாளில் எத்தனை இடம்? மூன்றுக்கு மேல் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

பெரும்பாலான பயணங்களில் கோர் விராப் இருக்கும். யெரெவானுக்குத் தெற்கே, கார் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம். கிறிஸ்தவத்தை முதன்முதலில் அரச மதமாக ஏற்ற நாடு ஆர்மீனியா. மரபு சொல்லும் ஆண்டு 301. அதற்கு முன், மன்னன் மூன்றாம் திரிதாத் கிரிகோர் என்ற கிறிஸ்தவரை ஒரு பாதாளக் குழியில் தள்ளி 13 ஆண்டுகள் அடைத்துவைத்தான் என்பது கதை. மன்னனுக்கே தீராத நோய் வந்தபோது கிரிகோரை வெளியே கொண்டுவர, அவர் மன்னனைக் குணமாக்க, அரசனும் நாடும் சேர்ந்து மதம் மாறினார்களாம். அந்தக் குழிக்குள் இன்றும் இறங்கலாம். சுமார் 6 மீட்டர் ஆழம், செங்குத்தான இரும்பு ஏணி, ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை. அடைத்த இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் மேலேயே நின்றுகொள்வது நல்லது.

மேலே நிற்பவர்களுக்கும் நஷ்டமில்லை. எதிரே அரராத் மலை, 5,100 மீட்டருக்கு மேல் உயரம், உச்சியில் எப்போதும் பனி. நோவாவின் பேழை கரைசேர்ந்ததாக நம்பப்படும் மலை அது. ஆர்மீனியாவின் அரச முத்திரையில் அது இருக்கிறது, பிராந்தி பாட்டிலிலும் இருக்கிறது. ஆனால் மலை நிற்பது துருக்கி மண்ணில். மடாலயத்திலிருந்து பார்த்தால் வயல்களுக்கு அப்பால் எல்லைக் காவல் கோபுரங்கள் தெரியும். 1993இல் துருக்கி அந்த எல்லையை மூடியது. கண்ணெதிரே நிற்கும் மலைக்குத் தரைவழியாகப் போக நினைத்த ஆர்மீனியர் வடக்கே ஜார்ஜியாவைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. நம்மோடு வந்தவர்கள் அந்த மலையைப் பார்த்து ஏன் கண் கலங்குகிறார்கள் என்று கேட்டால், வழிகாட்டி 1915க்குப் போவார்.

அந்த ஆண்டைப் புரிந்துகொள்ள யெரெவானிலேயே ஓர் இடம் இருக்கிறது. சித்செர்னகாபெர்த் என்னும் குன்றின் மேல் 1967இல், சோவியத் ஆட்சிக் காலத்திலேயே, எழுப்பப்பட்ட நினைவிடம் அது. உள்நோக்கிச் சாய்ந்த 12 பெரும் கற்பலகைகள், நடுவில் அணையாத தீ, பக்கத்தில் 44 மீட்டர் உயரக் கூர்தூண். ஒட்டோமான் பேரரசில் 1915 முதல் நடந்த படுகொலைகளிலும் பாலைவனத்துக்கு நடத்திச் சென்றதிலும் 15 லட்சம் ஆர்மீனியர்கள் வரை இறந்தார்கள் என்பது ஆர்மீனியர் கணக்கு. துருக்கி அரசு அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்திலேயே அருங்காட்சியகம் உண்டு. மனம் கனக்கும் என்று சிலர் இதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். முதல் நாளே போய்விடுங்கள் என்பேன். உலகெங்கும் சிதறிய குடும்பங்களானாலும் ஏடுகள் காப்பாற்றப்பட்ட கதையானாலும், பிறகு பார்க்கும் பலவற்றின் வேர் அங்கேதான் போகிறது.

இனி கல்லுக்கு வருவோம். தேவாலயங்கள் ஏன் குட்டையாக, தடித்த சுவரும் சின்ன ஜன்னலுமாக இருக்கின்றன? ஒரு முக்கியக் காரணம், இது நிலநடுக்கப் பூமி. 1988இல் ஸ்பிதாக் பகுதியில் வந்த நிலநடுக்கத்தில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். கைக்குக் கிடைத்ததோ எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான டஃப் என்னும் கல். கனம் குறைவு, செதுக்கவும் எளிது. யெரெவானின் கட்டடங்கள் ரோஜா நிறத்தில் தெரிவதும் இந்தக் கல்லால்தான்.

ஒரே ஒரு மடாலயம்தான் பார்க்க நேரம் என்றால் கெகார்ட் போங்கள். நம்மவர்களுக்குக் குடைவரைக் கோயில் புதிதில்லை. அதனால் இங்கே என்ன நடந்திருக்கிறது என்பது சட்டென்று பிடிபடும். வெளியே தெரியும் பிரதான தேவாலயம் 1215இல் கட்டியது. அதன் பக்கத்துக் கதவு வழியே நுழைந்தால் அடுத்தடுத்த கூடங்கள் மலையையே குடைந்தவை. மேலே துளைபோட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி வெட்டிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். அந்தத் துளைதான் இன்று வெளிச்சம் வரும் வழி. ஒரு கூடத்தில் பாறையிலிருந்து ஊற்று கசிகிறது. ஜனங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கூடங்களில் ஒரு குரல் எழுந்தால் அடங்க வெகுநேரமாகும். பாடகர் குழு வரும் நேரத்தை வழிகாட்டியிடம் கேட்டு வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனால் வேறொன்றும் பார்க்கலாம். குடும்பத்தோடு வந்து, நேர்ந்துகொண்ட ஆட்டையோ சேவலையோ அறுப்பது இங்கே இன்னும் உண்டு. மதாக் என்கிறார்கள். பாதிரியார் உப்பை மந்திரித்துக் கொடுப்பார். அதை விலங்குக்கு ஊட்டிவிட்டு அறுத்து, இறைச்சியை அந்த உப்போடு வெறுமனே வேகவைத்துப் பகிர்ந்து கொடுப்பார்கள். மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் குடும்பத்தில் பிறந்தவருக்கு இது முகம் தெரிந்த சொந்தக்காரரைச் சந்திப்பது போலிருக்கும். பக்கத்து மரங்களில் வேண்டுதல் துணிகளும் தொங்கும். ஐரோப்பியப் பயணிகள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதும் உண்டு. வழிகாட்டி சங்கடப்பட்டு வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்க்கலாம். நீங்களாகக் கேளுங்கள், சொல்வார்.

எல்லா மடாலயத்திலும் நிற்கும் சிலுவைக்கல்தான் கச்கார். தூரத்திலிருந்து பார்த்தால் நடுகல் போலத் தெரியும். கிட்டே போய், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்க்க வேண்டும். நடுவில் சிலுவை, ஆனால் பெரும்பாலும் அதில் இயேசுவின் உருவம் இருக்காது. சிலுவையின் அடியிலிருந்து இலைகளும் கொடிகளும் கிளம்பும், பட்ட மரம் தளிர்த்தது போல. அதற்குக் கீழே வட்டமான ஒரு பதக்கம். மீதி இடமெல்லாம் பின்னல். கச்கார் மேற்கு நோக்கி நிற்கும்; அதனால் அதன் முன் நின்று கும்பிடுபவரின் முகம் கிழக்கே இருக்கும். இறந்தவரின் ஆன்மாவுக்காக, போரில் வென்றதற்காக, பாலம் கட்டி முடித்ததற்காக என்று பல காரணங்களுக்கு நட்டிருக்கிறார்கள். கோஷவாங்க் மடாலயத்தில் பொகோஸ் என்ற சிற்பி 1291இல் செதுக்கிய ஒன்று நிற்கிறது. கல்லில் இழை இழையாக, ஒன்றின் பின்னால் இன்னொன்றாக அடுக்கு. ஊசிப் பின்னல் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். செவான் ஏரிக்கரையில் நொராதுஸ் கிராமத்து இடுகாட்டில் 900 அளவில் கச்கார்கள் இருக்கின்றன. இதைவிடப் பெரிய தொகுதி இன்றைய அஜர்பைஜானின் நக்சிவான் பகுதியில் ஜுல்ஃபா என்ற இடத்தில் இருந்தது. 2005க்குள் அது முழுக்க உடைத்து அழிக்கப்பட்டது. நொராதுஸில் தைமூரின் படைக்குக் கற்களின் மேல் தலைக்கவசம் மாட்டிப் பயம்காட்டிய கதையை எல்லா வழிகாட்டியும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லுக்கு அடுத்து எழுத்து. 405ஆம் ஆண்டு வாக்கில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்ற துறவி ஆர்மீனிய மொழிக்கு 36 எழுத்துகளை உருவாக்கினார். பிற்காலத்தில் சில சேர்ந்தன. பாரசீகமும் பைசாந்தியமும் நாட்டைப் பங்குபோட்டுக்கொண்ட காலம் அது. வேதத்தைக் கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் படிக்க வேண்டியிருந்த மக்களுக்குச் சொந்த எழுத்து கிடைத்தது. யெரெவானில் மாஷ்தோத்ஸ் சாலை ஏறிப்போய் முடியும் இடத்தில் மாதெனதாரான் என்னும் சுவடிக் காப்பகம் நிற்கிறது. வாசலில் அவர் சிலை. இதற்கு அரைநாள் ஒதுக்குங்கள். உள்ளேயே வழிகாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரோடு போங்கள்.

அங்கே தேடிப் பார்க்க வேண்டியது முஷ் நகரத்து உரைக்கோவை. 1200 முதல் 1202க்குள் எழுதியது, எடை 28 கிலோ, நூற்றுக்கணக்கான கன்றுகளின் தோலில் ஆனது. 1915இல் பாழடைந்த ஒரு மடாலயத்தில் இரண்டு பெண்கள் இதைக் கண்டெடுத்தார்கள். ஒருவரால் சுமக்க முடியாது என்பதால் இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு பாதி எச்மியாட்சின் பேராலயத்துக்கு வந்து சேர்ந்தது. மற்ற பாதியை எர்சுரும் அருகே புதைத்துவைத்த நிலையில் அந்தப் பெண் இறந்துபோனார். பிறகு ரஷ்யப் படை அதிகாரி ஒருவர் கையில் அது கிடைத்து, காலம் கழித்து முதல் பாதியோடு சேர்ந்தது. ஆர்மீனியச் சுவடிகளின் கடைசிப் பக்கங்களையும் காட்டச் சொல்லுங்கள். எழுதியவர் தன் பெயர், ஊர், பனி, பஞ்சம், ஊருக்குள் வந்த படை எல்லாவற்றையும் அதில் குறித்துவைப்பார். எதிரி கொள்ளையடித்த புத்தகத்தைப் பணம் கொடுத்து மீட்டால், மனிதரைச் சிறை மீட்டதாகவே எழுதுவார்கள்.

இந்த எழுத்துக் கதையில் சென்னைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. பாரசீகத்தின் புது ஜுல்ஃபாவிலிருந்து வந்த ஆர்மீனிய வணிகர்கள் மதராஸில் குடியேறினார்கள். சைதாப்பேட்டைக்கு அருகே அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டிக்கொடுத்த பெத்ருஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர். பரங்கிமலைப் படிகளும் அவர் உபயம். 1772இல் ஷாஹாமிர் ஷாஹாமிரியான் மதராஸில் ஓர் ஆர்மீனிய அச்சகம் வைத்தார். சுதந்திர ஆர்மீனியாவுக்கு 521 பிரிவுகள் கொண்ட ஓர் அரசியல் சட்ட வரைவு, 1773 என்ற ஆண்டைத் தாங்கி அங்கே அச்சானது. அப்போது அப்படி ஒரு நாடே இல்லை. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தாரார்' 1794இல் ஹாருத்யுன் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார் மதராஸில் தொடங்கியதுதான். படித்த ஆர்மீனியரிடம் மதராஸ் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் 'அஸ்தாரார்' என்பார். சதுரங்கமும் கைகொடுக்கும். அங்கே 2011 முதல் ஆரம்பப் பள்ளியில் அது கட்டாயப் பாடம். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் வெள்ளி வென்றதும் அவர்கள்தான்.

கார்னி கோயில் கெகார்ட் போகும் வழியிலேயே வரும். கிரேக்கத் தூண்களோடு நிற்கும் அழகான கட்டடம். ஆனால் 1679 நிலநடுக்கத்தில் விழுந்ததை 1969 முதல் 1975 வரை திரும்ப எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்து பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், கார்னியில் அதைவிட முக்கியம் லவாஷ் என்னும் ரொட்டி சுடும் வீடு. தரையில் பதித்த மண் அடுப்பு, பெயர் தொனீர். சுற்றிலும் பெண்கள். ஒருவர் மாவைக் காகிதம்போல் தேய்ப்பார். அடுத்தவர் அதைக் கையிலிருந்து கைக்கு வீசி நீட்டி, நீளமான மெத்தை ஒன்றின் மேல் விரித்து, குனிந்து அடுப்பின் உள்சுவரில் ஓங்கி அறைவார். ஒரு நிமிடத்துக்குள் கொப்புளம் விட்டு வெந்துவிடும். கொக்கியால் இழுத்துப் போடுவார்கள். காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சாப்பிடும்போது தண்ணீர் தெளித்தால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நோன்புக் காலத்துக்கென்று இறைச்சியில்லாத சமையல் அவர்களிடம் இருக்கிறது. 'பாசுத்ஸ்' என்று கேட்டால் புரியும். பருப்பும் பயறும் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய தோல்மா கிடைக்கும். பலவகைக் கீரைகளைப் பொடியாக அரிந்து, ரொட்டிக்குள் வைத்து மூடிச் சுடும் ஜெங்யாலோவ் ஹாத்ஸ் இன்னும் ருசி. அது நகோர்னோ கராபாக்கின் உணவு. 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் படை தாக்கியதும் அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள்.

தெற்கே உள்ள ததேவ் மடாலயத்துக்கு யெரெவானிலிருந்து மலைச்சாலையில் நான்கு மணி நேரம். பள்ளத்தாக்கின் மேல் 5.7 கிலோமீட்டர் ரோப் கார், 2010இல் திறந்தது. ஒரே நாளில் போய்த் திரும்பினால் இடுப்பு ஒடிந்துவிடும். வழியில் ஓர் இரவு தங்குங்கள். முடியாவிட்டால் விட்டுவிடலாம்.

தேவாலயத்துக்குள் பெண்கள் தலைக்கு ஒரு துணி போட்டுக்கொண்டால் மரியாதை. வெளியே வரும்போது ஊர்க்காரர்கள் பீடத்துக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து வருவார்கள். வாசலில் நின்று வழியை மறிக்காதீர்கள். போக நல்ல காலம் மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர். குளிர்காலத்தில் மலைச்சாலைகள் பனியில் மூடிக்கொள்ளும். கோடையில் போகிறவர்கள் வர்தவார் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு 98 நாள் கழித்து வரும் ஞாயிறு அது. அன்று தெருவில் யாரும் யார் மேலும் தண்ணீர் ஊற்றலாம், மாடியிலிருந்து வாளியோடு கவிழ்ப்பார்கள், வெளியூர்க்காரர் என்று சலுகை கிடையாது. பாஸ்போர்ட்டை அறையிலேயே வைத்துவிட்டு, போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.