வாயே திறக்காத அலாரம்

ஆன்லைன் லேப் தேர்வு நடுவுல நெட் படுத்துடுச்சு. யாரோ ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிட்டாங்க, பிராட்காஸ்ட் புயல். நான் வைச்சிருந்த ஆர்மான் அலாரமோ வாயே திறக்கல. ஏன் தெரியுமா?

ஆர்மானில் முதலில் ஈவென்ட்டை உருவாக்கணும்: லாக்கில் எழுதணுமா, ட்ராப் அனுப்பணுமா என்று. இரண்டையும் போடுங்க. ட்ராப் யுடிபியில் போவதால் வழியில் தொலையலாம். லாக் ஸ்விட்ச்சிலேயே இருக்கும். அப்புறம் அந்த ஈவென்ட் எண்ணை அலாரத்தில் கொடுக்கணும்.

நான் சறுக்கினது அலாரத்தில்தான். 'டெல்டா'வுக்குப் பதில் 'அப்சல்யூட்' போட்டுட்டேன். பிராட்காஸ்ட் கவுன்ட்டர் வீட்டு ஈ.பி. மீட்டர் மாதிரி, ஏறிக்கிட்டே போகும். மொத்த ரீடிங் மேல்வரம்பைத் தாண்டினதும் ஒருமுறை அடிச்சது. மறுபடி அடிக்கணும்னா அளவு கீழ்வரம்புக்கு இறங்கி வரணும். மீட்டர் எங்கே இறங்கும்? டெல்டா, இரண்டு ரீடிங்குக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும்.

சாதாரண நாளில் 30 நொடிக்கு 300 பாக்கெட் வந்தால், மேல்வரம்பு 3000, கீழ்வரம்பு 600 என்று ஆரம்பிக்கலாம்.

கடைசியா, வரம்பைக் கொஞ்ச நேரம் இறக்கி வைச்சு, பிராட்காஸ்ட் பிங் அனுப்பி, நிறுத்தி, மறுபடி அனுப்புங்க. இரண்டாவது தடவையும் அடிக்குதான்னு பாருங்க. ஒருமுறை அடிச்சதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.