மடக்குக் கத்தியின் முதுகு ஸ்பிரிங்
மடக்குக் கத்தியைத் திறந்தாலும் மூடினாலும் அது ‘டக்’கென்று ஓரிடத்தில் நிற்கும். பிடியின் முதுகோரம் ஓடும் எஃகுப் பட்டைதான் அதற்குக் காரணம். சுருள் ஏதும் இல்லாத இந்தப் பட்டையே இங்கு ஸ்பிரிங். அலகின் அடிப்பகுதி ஓர் ஆணியைச் சுற்றித் திரும்புகிறது; அதன் பக்கங்கள் தட்டை, சந்திக்கும் இடத்தில் ஒரு மூலை. தட்டைப் பக்கம் பட்டையோடு படிந்திருக்கும்வரை அலகு அசையாது. நகத்தை வைத்து இழுத்தால் மூலை பட்டையை வெளிப்புறமாக நெம்பி வளைக்கும். மூலை கடந்ததும், வளைந்த பட்டை நிமிர்ந்து அலகை மீதித் தூரத்துக்குத் தானே தள்ளிவிடும். இது பூட்டு அல்ல. திறந்த கத்தியின் முதுகை அழுத்தினால் அலகு விரல்மீது மடங்கும்; குத்தும் வேலைக்கு இது உதவாது.

சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸ்னர், 1891 முதல் அந்நாட்டுப் படைக்கு இத்தகைய ஸ்பிரிங் கொண்ட சிப்பாய்க் கத்திகளை வழங்கினார். அலகு, தகர டப்பா திறப்பான், தமரூசி, துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி ஆகியவை அதில் இருந்தன. உறுதியானது, ஆனால் கனமானது. 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிக் கத்தியில் சிறிய அலகும் தக்கைத் திருகியும் சேர்ந்தன. ஒரே பட்டையின் இரு புறமும் கருவிகளைத் தாங்கவைத்ததே அவருடைய சாமர்த்தியம்: 6 கருவிகளுக்கு 2 ஸ்பிரிங் போதுமானது. படை இதை வழங்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள்.

மணல் புகுந்தால் ஆணி இறுகும். கழுவி உலர்த்தி, மூட்டில் ஒரு துளி எண்ணெய் விடுவது வழக்கம்.