தேய்த்தால் தீராத சொரசொரப்பு

மேற்கையின் வெளிப்புறத்தைத் தடவினால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் இருக்கிறது. வலியில்லை, பெரும்பாலும் அரிப்பும் இல்லை. ஆயினும் அரைக்கைச் சட்டை அணியப் பிள்ளை மறுக்கிறது. அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று எண்ணி, பீர்க்கை நாரால் நாள்தோறும் தேய்த்துக் குளிப்பாட்டியும் பயனில்லை என்று கூறி எங்களிடம் வரும் பெற்றோர் பலர். தேய்த்த இடம் சிவந்து, சில வேளைகளில் புண்ணாகியும் இருக்கும். இக்கட்டுரையை அவர்களை எண்ணியே எழுதுகிறோம்.

இது அழுக்கன்று

தோலின் மேலடுக்குக்கு உறுதி தருவது கெரட்டின் என்னும் புரதம். அது மயிர்க்காலின் வாயில் மிகுதியாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும்போது, அந்த இடம் அரிசிக் குருணைபோல் மேடிடுகிறது. மருத்துவத்தில் இதனைக் கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்பர். மேற்கை, தொடை, புட்டம், கன்னம் ஆகிய இடங்களில் மிகுதியாகக் காணப்படும். பெரும்பாலும் குடும்பவழியாக வருவது. குழந்தைப் பருவத்தில் தொடங்கி, பதின்ம வயதில் மிகுந்து, பலருக்கு வயது ஏற ஏறத் தானே குறையும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. காற்று வறண்டிருக்கும் பனிக்காலத்தில் சற்று மிகும்.

இதனை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் தோலை மென்மையாக்கி வைத்தால் மேடுகள் பெரிதும் அடங்கும். அதற்கு வீட்டுப் பராமரிப்பே அடிப்படை.

வீட்டில் செய்யத்தக்கவை

குளியல் சுருக்கமாக இருக்கட்டும்; பத்து நிமிடம் போதும். கொதிக்கும் வெந்நீர் தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையை நீக்கிவிடும். வெதுவெதுப்பான நீரே நன்று. நுரை மிகுந்த, காரத்தன்மையுள்ள சோப்பைக் குறைத்து, மென்மையான சோப்பைப் பயன்படுத்துங்கள். பழக்கப்பட்டோர் நன்கு சலித்த பச்சைப்பயற்று மாவைக் கையால் மெல்லத் தடவிக் கழுவலாம். அதனை அழுத்தித் தேய்த்தல் கூடாது.

துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். உலர்ந்த தோலில் பூசுவதைவிட இதன் பயன் மிகுதி. ஏனெனில் எண்ணெய் அந்த ஈரத்தை வெளியேற விடாமல் காக்கிறது. இரவில் மீண்டும் ஒருமுறை பூசலாம். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கவும். முதியோருக்குப் பூசிவிடுவோர், உள்ளங்காலில் எண்ணெய் பட்டு அவர்கள் வழுக்கி விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு சில வாரங்கள் செய்தும் போதிய பயன் இல்லையெனில், யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த களிம்பை மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். தயிரிலும் லாக்டிக் அமிலம் உண்டு. ஆனால் அதன் அளவு களிம்பில் உள்ளதுபோல் வரையறுக்கப்பட்டதன்று. ஆகவே தயிர்ப் பூச்சைக் களிம்புக்கு ஈடாகக் கருத வேண்டா.

தவிர்க்க வேண்டியவை

எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் சென்றால் தோல் கொப்புளித்துக் கருமை படியலாம். பூண்டை அரைத்துக் கட்டினால் தீக்காயம்போல் புண்ணாகும். சமையல் சோடா, தோலுக்கு இயல்பான மெல்லிய அமிலத்தன்மையைக் குலைக்கும். நுரைக்கல்லும் வேண்டா. நகத்தால் கிள்ளி எடுத்தால் தழும்பே மிஞ்சும். நீரிழிவு உள்ளோருக்குச் சிறு கீறலும் ஆறாப் புண்ணாகக்கூடும் என்பதை மறத்தல் ஆகாது.

அனைத்தினும் மேலாக, பக்கத்து வீட்டார் பரிந்துரைத்த ‘வெள்ளையாக்கும்’ களிம்பை மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். அவற்றுட் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தொடக்கத்தில் தோல் மினுமினுக்கும். நாளடைவில் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும்.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

சொரசொரப்பெல்லாம் ஒன்றன்று. பின்வருவன இருப்பின் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் வாருங்கள்.

இரவில் அரிப்பு மிகுந்து, விரல் இடுக்குகளிலும் தடித்து, வீட்டில் மற்றவருக்கும் இருந்தால் அது சிரங்காகலாம்; குடும்பத்தினர் அனைவரும் ஒரே வேளையில் மருந்திட வேண்டும்.

குழந்தையின் முழங்கை, முழங்கால்களில் முள்முள்ளாகத் தடித்திருந்தால் ஊட்டக் குறைவு காரணமாகலாம். மாலைக்கண்ணும் சேர்ந்திருந்தால் வைட்டமின் ஏ குறைவை ஐயுற வேண்டும். முருங்கைக்கீரை, முட்டை, பப்பாளி, மஞ்சள் பூசணி ஆகியவை உணவில் இடம்பெறட்டும். வைட்டமின் மாத்திரையை மட்டும் தாமாக வாங்கித் தரலாகாது, மிகுந்தால் அதுவும் நஞ்சு.

பெரியவர்களுக்குத் திடீரென மஞ்சள் நிற மேடுகள் கூட்டமாகத் தோன்றினால் இரத்தக் கொழுப்பையும் சர்க்கரையையும் உடனே சோதிக்க வேண்டும்.

இறுதியாக ஒரு சொல். களிம்பு பூசத் தொடங்கிய மறுநாளே மாற்றம் தெரியாது, வாரங்கள் ஆகும். நிறுத்தினால் சொரசொரப்பு மீளும். ஆகவே பல் துலக்குவதைப்போல் இதனை அன்றாடப் பழக்கமாக்குங்கள். பிள்ளையிடம், ‘நீ சரியாகக் குளிப்பதில்லை’ என்று கடிந்துகொள்ளாதீர்கள். உங்கள் மேற்கையை ஒருமுறை தடவிப் பாருங்கள். அதே சொரசொரப்பு இளமையில் உங்களுக்கும் இருந்தது நினைவுக்கு வரக்கூடும். அதனை அவரிடம் சொல்லுங்கள். நாங்கள் எழுதித் தரும் களிம்பினும் அச்சொல் விரைந்து பயன் தரும்.